குல்டீகாவை ஒரு மணி நேர ஸ்டாப் ஆக்காதீங்க: ரீகாவுல படிக்கிற நம்ம பசங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

வணக்கம். லாட்வியாவோட தலைநகர் ரீகாவுல வேலை பாத்துக்கிட்டு குடும்பத்தோட இங்கயே தங்கிட்ட ஒரு அண்ணன் எழுதுறேன். மெடிசின், இன்ஜினியரிங், மேனேஜ்மென்ட்னு படிக்க லாட்வியாவுக்கு வந்திருக்கிற நம்ம ஊர் பசங்க எல்லாருக்கும்தான் இந்த மடல், ஆனா முக்கியமா வாட்ஸ்அப் குரூப்ல ட்ரிப் பிளான் போடுற அந்த நாலஞ்சு பேருக்கு. நீங்க சொன்னாத்தான் மத்தவங்க கேப்பாங்க, அதனால உங்ககிட்டதான் கேக்கணும்.

ஒவ்வொரு வருஷமும் வெயில் எட்டிப் பாக்க ஆரம்பிச்சதும் குரூப்ல ஒரே பிளான்தான் சுத்திக்கிட்டு இருக்கு. காலைல வேன் எடுக்கணும், லாட்வியாவோட மேற்குப் பக்கம் இருக்கிற குல்டீகாங்கிற சின்ன ஊர்ல ஒரு மணி நேரம் நிறுத்தி "ஐரோப்பாவுலயே அகலமான அருவி"யில போட்டோ எடுக்கணும், அப்படியே கடற்கரை ஊரான லியபாயா போய் பீச் பாக்கணும், ராத்திரி ரூமுக்கு வந்துடணும். ஒரே நாள்ல ரெண்டு ஊர், காசும் கம்மி. படிச்சுக்கிட்டே பார்ட் டைம் வேலை பாக்குற உங்களுக்கு லீவு நாள் எவ்வளவு அருமைன்னு எனக்குத் தெரியும், அதனால இந்த பிளானைக் குறை சொல்ல வரல. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. குல்டீகாவை அந்த லிஸ்ட்ல இருந்து வெளிய எடுத்து தனியா ஒரு ட்ரிப்பா போடுங்க. சனிக்கிழமை போய் ராத்திரி அங்க தங்கி ஞாயித்துக்கிழமை திரும்புங்க. ஏன் கேக்குறேன்னு விவரமா சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு விஷயம். 2023 செப்டம்பர்ல ரியாத்ல நடந்த யுனெஸ்கோ கூட்டத்துல குல்டீகாவை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சாங்க. லாட்வியாவுக்கு அது மூணாவது. முதல்ல 1997-ல ரீகாவோட பழைய நகரம், அடுத்து 2005-ல பல நாடுகளைச் சேர்த்துக் குடுத்த ஸ்ட்ரூவ அளவை வளைவு (பூமியோட அளவைக் கண்டுபிடிக்க 19-ஆம் நூற்றாண்டுல வச்ச அளவைப் புள்ளிகளோட வரிசை), அதுக்கப்புறம் இதுதான். இப்ப கவனிங்க, யுனெஸ்கோ லிஸ்ட்ல இருக்கிறது அருவி இல்ல, ஊரு. குல்டீகாவோட பழைய நகரம். 16-ல இருந்து 18-ஆம் நூற்றாண்டு வரைக்கும் இருந்த தெரு அமைப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கு, மரக்கட்டையை அடுக்கிக் கட்டுற உள்ளூர் முறையும் பால்டிக் கடல் சுத்துவட்டாரத்துல இருந்து வந்த கைவினைஞர்களோட வேலையும் ஒண்ணோட ஒண்ணு கலந்து அங்க நிக்குது, அதுக்காகத்தான் அந்த அங்கீகாரம். நம்ம வேன் நிக்கிறது ஆத்தங்கரையில, அங்க இருந்து பொடிநடையா போற தூரத்துலதான் அந்த ஊர் இருக்கு, ஆனா யாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூட பாக்காம ஏறிடுறாங்க. எனக்கு மனசு ஆறலன்னா அது இதுக்குத்தான்.

அருவியைப் பாக்க வேணாம்னு சொல்லல. சொல்லப்போனா அந்த அருவியை நல்லா புரிஞ்சுக்கிட்டாலே ஊரோட பாதிக் கதை தெரிஞ்சுடும். லிதுவேனியாவுல பிறந்து வடக்க ஓடி வென்ட்ஸ்பில்ஸ்ல கடல்ல கலக்குது வென்ட்டா ஆறு. குல்டீகாகிட்ட வரும்போது ஆத்துக்குக் குறுக்க இந்தக் கரையில இருந்து அந்தக் கரை வரைக்கும் ஒரு பாறைப் படி. உயரம் ரெண்டு மீட்டர் அளவுதான், அகலத்தை 249 மீட்டர்னு சொல்றாங்க, வசந்த காலத்துல பனி உருகி வெள்ளம் வந்தா இன்னும் கூடும். வென்ட்டாஸ் ரும்பான்னு பேரு. குற்றாலம் மாதிரி தலையில விழுற அருவியை நினைச்சுக்கிட்டுப் போனா "இவ்ளோதானா"ன்னு தோணும். பெரும்பாலான பசங்க ஒரு மணி நேரத்துல கிளம்புறதுக்கும் அதுதான் காரணம்னு நினைக்கிறேன்.

ஆனா அந்த ரெண்டு மீட்டர் பாறைதான் இந்த ஊரோட தலையெழுத்தையே எழுதுச்சு. கடல்ல இருந்து ஆத்து வழியா வர்ற கப்பல் இதைத் தாண்டிப் போக முடியாது. ரீகாவுல இருந்து பிரஷ்யாவுக்குப் போற தரைவழியும் இந்தப் பக்கமாத்தான் ஆத்தைத் தாண்டுது. அப்போ இந்த இடத்தைப் பிடிச்சவன் ரோட்டையும் ஆத்தையும் சேர்த்துப் பிடிச்ச மாதிரி. லிவோனிய ஆர்டர்னு ஜெர்மன் பேசுற போர்வீரத் துறவிகள், சிலுவைப்போர்னு சொல்லி இந்த மண்ணைப் பிடிக்க வந்தவங்க, அவங்க 1242 வாக்குல சரியா இங்கதான் கோட்டை கட்ட ஆரம்பிச்சாங்க. அப்ப ஊரோட பேரு கோல்டிங்கன். கோட்டையை ஒட்டி ஊர் வளந்துச்சு, ஹன்சா வணிகக் கூட்டமைப்புல சேந்துச்சு. அப்புறம் பல நூறு வருஷம் கழிச்சு, பக்கத்து துறைமுக ஊருங்க எல்லாம் பெருசாயிட்டப்ப, இதே பாறை இருந்ததாலதான் இந்த ஊர் பெருசாகாம நின்னுடுச்சு. கப்பல் வராது, பெரிய தொழிற்சாலைகளும் கூட்டமா வரல, பழசை இடிச்சுட்டுப் புதுசு கட்டுற அளவுக்குக் காசும் வரல. இன்னிக்கு யுனெஸ்கோ பாராட்டுற அந்தத் தெருக்கள் தப்பிச்சதே அதனாலதான்னு நான் நினைக்கிறேன். அருவியையும் ஊரையும் பிரிச்சுப் பாக்காதீங்கன்னு நான் சொல்றதும் இதனாலதான்.

உள்ளூர்ல இந்தப் பாறைக்கு வேற ஒரு கதை வச்சிருக்காங்க. சாத்தான் ராத்திரியோட ராத்திரியா ஆத்தை அடைக்கப் பாறையைத் தூக்கிட்டு வந்தானாம், சேவல் கூவினதும் பயந்து அப்படியே போட்டுட்டு ஓடிட்டானாம். பெரியவங்க யார்கிட்டயாவது பேச்சு குடுத்தா சொல்லுவாங்க.

இப்ப கோட்டைக்கு வருவோம். 1561-ல லிவோனிய ஆர்டர் உடைஞ்சுது, அதோட கடைசித் தலைவர் கோட்டார்ட் கெட்லர் போலந்து ராஜாவுக்குக் கட்டுப்பட்ட கூர்லாந்து, செமிகாலியா டச்சிக்கு, அதாவது இன்னிக்கு லாட்வியாவோட மேற்கு, தெற்குப் பக்கமா இருக்கிற குட்டி நாட்டுக்கு, முதல் டியூக் (சிற்றரசர்) ஆனாரு. அவரோட பசங்க ரெண்டு பேரும் 1596-ல நாட்டைப் பாகம் பிரிச்சுக்கிட்டாங்க, அதுல சின்னவர் வில்ஹெல்முக்குக் குல்டீகாதான் தலைநகர் மாதிரி. அவரோட மகன் யாக்கோப் 1610-ல இந்தக் கோட்டையிலதான் பிறந்தாரு. இந்த யாக்கோப் பேரை லாட்வியாக்காரங்க யார்கிட்ட கேட்டாலும் சொல்லுவாங்க, ஸ்கூல்ல படிச்சிருப்பாங்க. 1642-ல பட்டத்துக்கு வந்தாரு, வென்ட்ஸ்பில்ஸ்ல வரிசையா கப்பல் கட்டினாரு, இத்துனூண்டு நாட்டை வச்சுக்கிட்டு 1651-ல ஆப்பிரிக்காவுல காம்பியா ஆத்து நடுவுல ஒரு தீவை வாங்கினாரு, 1654-ல கரீபியன்ல டொபாகோவுல குடியேத்தம் போட்டாரு. டொபாகோவுல இன்னிக்கும் கிரேட் கூர்லாந்து பேன்னு ஒரு வளைகுடா இருக்கு, பேரு இங்க இருந்து போனதுதான். 1658-ல ஸ்வீடன்காரங்க அவரைப் பிடிச்சு ரெண்டு வருஷம் போல சிறையில வச்சாங்க, அதோட எல்லாம் ஆட்டம் கண்டுடுச்சு, 1661-ல காம்பியா தீவு இங்கிலீஷ்காரங்க கைக்குப் போயிடுச்சு.

இந்தப் பெருமைக் கதையை இங்க நிறைய பேர் சந்தோஷமா சொல்லுவாங்க, "நாங்களும் காலனி வச்சிருந்தோம்"னு. நீங்க கேட்டுக்கோங்க, ஆனா காலனியா இருந்த நாட்டுல இருந்து வந்தவங்க நாம, மறுபக்கத்தையும் சேர்த்துத்தான் வச்சுக்கணும். அந்தக் காம்பியா தீவுக்கு இப்ப குன்டா கின்டே தீவுன்னு பேரு, 2011-ல மாத்தினாங்க, அதுவும் யுனெஸ்கோ லிஸ்ட்ல இருக்கு, எதுக்காகன்னா அட்லாண்டிக் அடிமை வியாபாரத்தோட சாட்சியா. டியூக்கோட மண்ணுல உழுத லாட்விய விவசாயிங்களும் அப்போ ஜெர்மன் பண்ணையார்களுக்குப் பண்ணையடிமைங்கதான், கூர்லாந்துல அவங்களுக்கு விடுதலை கிடைச்சது 1817-லதான். ஒரு டியூக் உலகம் பூரா கப்பல் விட்ட காலத்துல அவர் ஊர்க்காரனே அவன் வயலை விட்டு நகர முடியாது. குல்டீகாவோட அழகான கதவுகளைப் பாக்கும்போது இதையும் நினைச்சுக்கிட்டுப் பாருங்கன்னுதான் சொல்றேன்.

யாக்கோப் பிறந்த கோட்டையைத் தேடினா கிடைக்காது. 18-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல ரஷ்யாவுக்கும் ஸ்வீடனுக்கும் நடந்த பெரிய வடக்குப் போர்ல ஸ்வீடன் படை பிடிச்சுது, அதுல சேதாரம் ஆகி, பின்னாடி கொள்ளைநோயும் வந்து, யாரும் வசிக்காம கைவிட்டுட்டாங்க, கல்லை எல்லாம் ஒவ்வொண்ணா பேத்து எடுத்துட்டுப் போய்ட்டாங்க. அந்தக் கல்லுல எழும்பின காவலர் வீடு ஒண்ணு மட்டும் சின்னதா இப்பவும் நிக்குது. மத்த இடம் எல்லாம் இப்ப பூங்கா, லீவியா ரெஸெவ்ஸ்கான்னு ஒரு சிற்பி செஞ்ச சிலைகள் மரத்தடியில அங்கங்க இருக்கு. பூங்காவுலயே மியூசியம் இருக்கிற மரக் கட்டடம் 1900 பாரிஸ் உலகக் கண்காட்சிக்குக் கட்டினதுன்னும், லியபாயா வியாபாரி ஒருத்தர் அதை வாங்கிக் கழட்டிக் கொண்டுவந்து தன்னோட காதலிக்காக இங்க நிறுத்தினாருன்னும் ஊர்ல சொல்லுவாங்க. உள்ள சீட்டுக்கட்டு கலெக்‌ஷன் ஒண்ணு வச்சிருக்காங்க, நல்லா இருக்கும்.

பூங்காவுல இருந்து பாத்தா செங்கல் பாலம் தெரியும். 1874-ல கட்டினது, 164 மீட்டர் நீளம், ஏழு வளைவு. ரெண்டு குதிரை வண்டி எதிரும் புதிருமா போற அகலம் இருக்கணும்னு கணக்குப் போட்டுக் கட்டினாங்க. 1915-ல முதல் உலகப் போர்ல பின்வாங்கிப் போன ரஷ்யப் படை ரெண்டு வளைவை வெடி வச்சுத் தகர்த்துடுச்சு, நாடு சுதந்திரம் வாங்கினதுக்கப்புறம் 1926-ல திரும்பக் கட்டினாங்க, 2008-ல முழுசா புதுப்பிச்சாங்க. இன்னிக்கும் கார் போய்க்கிட்டுத்தான் இருக்கு. பாலத்து மேல நின்னா அருவி முழுசா ஒரே பார்வையில கிடைக்கும், நம்ம பசங்க கீழ நின்னு எடுக்குற போட்டோவை விட நூறு மடங்கு நல்லா இருக்கும், இது போட்டோ எடுக்குறவங்களுக்கு.

சரி, ஊருக்குள்ள வாங்க. நான் முழுக்க முழுக்கக் கெஞ்சுறது இந்தப் பகுதிக்குத்தான்.

டவுன் ஹால் சதுக்கத்துல இருந்து ஆரம்பிங்க. 1868-ல கட்டின டவுன் ஹால் ஒரு பக்கம், 1670-ல இருந்து நிக்கிற மர வீடு ஒண்ணு இன்னொரு பக்கம், குர்ஸெமெ (கூர்லாந்தோட லாட்வியப் பேரு) பகுதியிலயே ரொம்பப் பழைய மர வீடுன்னு அதைத்தான் சொல்றாங்க. அங்க இருந்து லியபாயா தெருவுல நடந்தா கார் தொந்தரவு கிடையாது, நடக்குறவங்களுக்கான தெரு. அவசரப்படாம ஜன்னலைப் பாருங்க, கதவைப் பாருங்க. ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு தினுசு, செதுக்கின மரப்பலகை, கையால அடிச்ச இரும்புக் கீல், மேல சின்னதா ஒரு கண்ணாடி ஜன்னல். ஜன்னல் சட்டத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாத்தீங்கன்னா ஒரு விஷயம் பிடிபடும். கீழ்ப் பலகையில ஒரு துண்டு மட்டும் புது மரமா இருக்கும், மேல எல்லாம் பழசு. மழைத்தண்ணி நின்னு உளுத்துப்போறது அந்தக் கீழ்ப் பக்கம்தான், அதை மட்டும் வெட்டி எடுத்துட்டு அதே அளவுல புது மரத்தைப் பொருத்தி, ஆளி விதை எண்ணெய்ல கரைச்ச பெயின்ட் அடிச்சிருப்பாங்க. மொத்த ஜன்னலையும் பிடுங்கிப் போட்டுட்டு பிளாஸ்டிக் ஜன்னல் வைக்கிறது சுலபம், இந்தக் குளிர்ல அதுதான் கதகதப்பும் கூட, ஆனா செய்யல. ஊர் நகராட்சியே இதுக்குன்னு மறுசீரமைப்பு மையம் வச்சிருக்கு, வீட்டுக்காரங்களுக்குச் சொல்லிக் குடுக்குறாங்க, வேலை செலவுல ஒரு பங்கும் குடுக்குறாங்க. பத்தாயிரம் சொச்சம் பேர் வாழுற ஊர் இது. அங்க ஒரு சாதாரண வீட்டுக்காரர் அவர் ஜன்னலை எப்படிக் காப்பாத்துறதுன்னு உக்காந்து கத்துக்கிறாரு. யுனெஸ்கோ பட்டம் மேல இருந்து விழுந்ததில்ல, இந்த மாதிரி ஆயிரம் ஜன்னல்ல இருந்து வந்தது.

இதைப் பாக்க ஒரு மணி நேரம் பத்தாதுங்கிறேன், வேற என்ன சொல்ல.

அலெக்சுபீட்டேன்னு ஒரு குட்டி ஆறு ஊருக்குள்ளயே ஓடுது. வீடுகளோட பின்சுவரே அதுக்குக் கரை. ஜன்னலுக்குக் கீழ நேரா தண்ணி, சுவத்துல பாசி, செங்கல்லுக்கு நடுவுல செடி. சில பேர் இதை லாட்வியாவோட வெனிஸ்னு சொல்றாங்க, எனக்கு அது பிடிக்கல, எந்த ஊரையும் இன்னொரு ஊர் பேரைச் சொல்லி விளக்க வேணாமே. இந்த குட்டி ஆறு ஒரு இடத்துல நாலு மீட்டருக்கு மேல கீழ விழுது, லாட்வியாவுலயே உயரமான அருவின்னு சொல்றது அதைத்தான். ஒரே ஊர்ல நாட்டோட அகலமான அருவி ஒண்ணு, உயரமான அருவி ஒண்ணு. 17-ஆம் நூற்றாண்டுல இந்தத் தண்ணியை வச்சு பேப்பர் மில்லே ஓட்டியிருக்காங்க.

புனித கேத்தரின் சர்ச்சுக்கும் போங்க. ஊரோட காவல் புனிதர் அவங்கதான், ஊர்ச் சின்னத்துலயும் சக்கரத்தோட நிக்கிறது அவங்கதான். யாக்கோப்புக்கு ஞானஸ்நானம் குடுத்த இடம் இதுன்னு சொல்லுவாங்க. உள்ள 17-ஆம் நூற்றாண்டுல செஞ்ச மர பலிபீடமும் பிரசங்க மேடையும் இருக்கு, செதுக்கினவர் நிக்கொலாஸ் ஸெஃப்ரென்ஸ், வென்ட்ஸ்பில்ஸ் ஆளு. டியூக்கோட கப்பலுக்கு மரம் இழைச்ச அதே ஊர்ல இருந்துதான் இந்தக் கையும் வந்திருக்கு.

அடுத்தது நான் ரொம்ப யோசிச்சு எழுதுற பகுதி. தயவுசெஞ்சு இதை விட்டுட்டுப் படிக்காதீங்க.

பழைய ஊர் நடுவுல வெளிர் நிறத்துல பெருசா, அழகா ஒரு கட்டடம் இருக்கு, ஊர் நூலகம். உள்ள போனா குழந்தைங்க படிச்சுக்கிட்டு இருப்பாங்க. அது 1875-ல கட்டின யூதர்களோட தொழுகைக் கூடம். குல்டீகாவுல தலைமுறை தலைமுறையா யூதர்கள் வாழ்ந்தாங்க, கடை வச்சிருந்தாங்க, தையல் வேலை, தோல் வேலை பாத்தாங்க, ஊர்ல நூத்துக்கணக்குல இருந்தாங்க. 1941 கோடைல ஜெர்மன் படை உள்ள வந்தது, சில வாரத்துக்குள்ள நாஜிகளும் அவங்களோட சேந்த உள்ளூர் ஆளுங்களும் அவங்களைச் சுத்துவட்டாரக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சுட்டுக் கொன்னுட்டாங்க. ஆம்பளைங்க, பொம்பளைங்க, குழந்தைங்க எல்லாரையும். ஒரு ஊரோட ஒரு பகுதி மக்களே ஒரு கோடைக்குள்ள இல்லாம போயிட்டாங்க. சோவியத் காலத்துல அந்தத் தொழுகைக் கூடத்தை சினிமா தியேட்டர் ஆக்கினாங்க. 2011-ல புதுப்பிச்சு நூலகம் ஆக்கினாங்க.

ரீகாவுல இருக்கிறவங்களுக்கு ரும்புலா காடு தெரிஞ்சிருக்கும், 1941 நவம்பர் 30, டிசம்பர் 8, ரெண்டே நாள்ல ஏறக்குறைய 25,000 யூதர்களைச் சுட்டுக் கொன்ன இடம். அந்த நம்பர் எவ்வளவு பெருசுன்னா மனசுல நிக்கவே மாட்டேங்குது. குல்டீகாவுல அது வேற மாதிரி உறைக்கும். ஏன்னா அவங்க நடந்த தெரு அப்படியே இருக்கு, அவங்க திறந்து மூடின கதவு அப்படியே இருக்கு, வீடு எல்லாம் பத்திரமா இருக்கு, ஆளுங்கதான் இல்ல. இந்த ஊரை விட்டு இல்லாம போனது யூதர்கள் மட்டும் இல்ல. அதுக்குக் கொஞ்சம் முன்ன 1939, 1940-ல பல நூறு வருஷமா இங்க இருந்த ஜெர்மன்காரங்க ஹிட்லர் கூப்பிட்டதும் கிளம்பிப் போனாங்க. 1941 ஜூன்லயும் 1949 மார்ச்லயும் சோவியத் அரசு லாட்வியா பூரா இருந்து குடும்பம் குடும்பமா சைபீரியாவுக்கு ரயில் ஏத்துச்சு, 1949-ல மட்டும் ஏறக்குறைய 42,000 பேர், அதுல குர்ஸெமெ கிராமத்துக்காரங்களும் உண்டு. நடுவுல 1944 அக்டோபர்ல இருந்து 1945 மே வரைக்கும் சோவியத் படை சுத்தி வளைச்சதுல ஜெர்மன் படை மாட்டிக்கிட்டு நின்ன கூர்லாந்து வளையத்துக்குள்ள இந்த ஊர் இருந்துச்சு, போர் முடியுற நாள் வரைக்கும். இத்தனைக்கும் நடுவுல அந்த மர வீடுங்க எரியாம நின்னதே பெரிய விஷயம்.

அப்போ இன்னிக்கு அந்த ஜன்னலுக்கு ஆளி எண்ணெய் பெயின்ட் அடிக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு அந்த வீடு பாட்டன் பூட்டன் சொத்து கிடையாது. யாரோ கட்டினது, யாரோ வாழ்ந்தது, யாரையோ அடிச்சுத் துரத்தினது. அதைத்தான் இப்ப தன் வீடா நினைச்சுப் பாத்துக்கிறாங்க. நான் குல்டீகாவை இவ்வளவு மதிக்கிறதுக்குக் காரணம் அதுதான், அருவி இல்ல.

அதனால நூலகத்துக்குள்ள போறவங்க கொஞ்சம் அமைதியா போங்க, வாசல்ல நின்னு ரீல்ஸ் எடுக்காதீங்க. இதை மட்டும் ஒரு அண்ணனா கண்டிச்சே சொல்லுவேன். வெளிய வந்ததும் அந்தக் கட்டடத்தைப் பத்தி நாலு வரி தமிழ்ல எழுதிப் போடுங்க, அது நல்ல வேலை. தமிழ்ல தேடினா இந்த ஊரைப் பத்தி அருவி வீடியோவைத் தவிர உருப்படியா ஒண்ணும் கிடைக்க மாட்டேங்குது.

இனி ராத்திரி தங்குறதைப் பத்தி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல டூர் பஸ் எல்லாம் போனதுக்கப்புறம்தான் குல்டீகாக்காரங்க அவங்க தெருவுக்கு வர்றாங்க. பாட்டிங்க நாயைக் கூட்டிட்டு நடப்பாங்க, பசங்க பாலத்துக்குக் கீழ ஆத்துல இறங்குவாங்க, கோடைல பத்து மணிக்கு மேலயும் வெளிச்சம் இருக்கும். அந்த நேரத்துல யார்கிட்டயாவது லாட்விய மொழியில "லப்வகர்"னு ஒரு மாலை வணக்கம் சொல்லிப் பாருங்க, ரீகாவுல முகத்தைப் பாக்காம போறவங்களைப் பாத்துப் பழகின உங்களுக்கு அது வேற அனுபவமா இருக்கும். கூச்சப்படாதீங்க, உங்க லாட்விய மொழி கிளாஸ்ல படிச்சது அங்கதான் உதவும், ஏன்னா கடைக்காரங்க எல்லாரும் இங்கிலீஷ்ல பேசிட மாட்டாங்க.

சாப்பாட்டுக்கு ஸ்க்லாண்ட்ரவுசிஸ் கேளுங்க, குர்ஸெமெ பக்கத்துப் பழைய பண்டம். கோதுமை மாதிரி ஒரு தானியமான ரை மாவுல மெல்லிசா ஒரு வட்டம், ஓரத்தைக் கையாலயே மடிச்சு மடிச்சு நிறுத்தியிருப்பாங்க, உள்ள அடியில மசிச்ச உருளைக்கிழங்கு, மேல கேரட், கொஞ்சம் சீமைச் சோம்பு, அடுப்புல வச்சு சுட்டது. 2013-ல ஐரோப்பிய ஒன்றியமே பாரம்பரிய உணவுன்னு பதிவு பண்ணியிருக்கு. கறி கிடையாது, சைவக்காரங்க முட்டை, பால் சேத்திருக்கான்னு மட்டும் கேட்டுக்கோங்க. லேசா இனிப்பா, காரம் இல்லாம இருக்கும், முதல் கடியில பிடிக்காட்டியும் பால் ஊத்தின டீயோட இன்னொரு தடவை ட்ரை பண்ணுங்க.

ரெண்டாவது நாள் நேரம் இருந்தா ஊருக்கு வெளிய ரியஜுபெ மணல் குகை இருக்கு. வெள்ளை மணல்பாறை, கண்ணாடி செய்ய மணல் வெட்டி வெட்டி உருவானது, ரெண்டு கிலோமீட்டர் போல பின்னிக் கிடக்குது, அதுல ஒரு பகுதிக்குள்ளதான் விடுவாங்க, கையில மெழுகுவர்த்தியோட. குளிரும், ஜாக்கெட் எடுத்துக்கோங்க.

எப்போ போகணும்னா, என்னைக் கேட்டா மே மாசம். மே 1, மே 4 ரெண்டும் இங்க அரசு விடுமுறை, அந்த வாரம் எப்படியும் எல்லாரும் எங்கயாவது கிளம்புவீங்க. சீப் டிக்கெட் கிடைக்குதேன்னு மிலான், பார்சிலோனான்னு பறக்குறதைத் தப்புன்னு சொல்லல, அங்க போக வாழ்க்கையில இன்னும் எத்தனையோ சந்தர்ப்பம் வரும், ஆனா டிகிரி வாங்கிட்டு லாட்வியாவை விட்டுக் கிளம்பினதுக்கப்புறம் குல்டீகாவுக்குன்னு யாரும் திரும்பி வரப்போறதில்ல. ஏப்ரல் கடைசி, மே மாசத்துலதான் விம்பான்னு ஒரு மீன் முட்டை போட கடல்ல இருந்து ஆத்துல ஏறி வரும். அருவி ஓரத்துல கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க, ஒரு முழ நீளம்கூட இருக்காது, வெள்ளி வயிறு, தண்ணியை உதைச்சுக்கிட்டு மேல பாயும், பாறையில அடிச்சு விழும், மறுபடி பாயும், பக்கத்துல இன்னொண்ணு, அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. டியூக் காலத்துல அருவி ஓரத்துல பிரம்புக் கூடையைக் கட்டி வச்சு, தாவித் தோத்து விழுற சால்மன் மீனை அப்படியே பிடிச்சாங்களாம், காத்துல மீன் பிடிக்கிற ஊர்னு இதுக்குப் பேரே உண்டு. ஒரு மணி நேர ஸ்டாப்ல வர்றவங்க செல்ஃபிக்கு முதுகைக் காட்டி நின்னுக்கிட்டு இதைத் தவற விடுறதைப் பாத்தா வருத்தமா இருக்கு.

ஒரு எச்சரிக்கை. கோடைல தண்ணி வத்தினப்போ பாறை மேல ஆளுங்க குறுக்க நடந்து போறதை வீடியோவுல பாத்திருப்பீங்க, வெள்ளம் இருக்கிற வசந்த காலத்துல அதை முயற்சி பண்ணாதீங்க, பாசி வழுக்கும், தண்ணி இழுக்கும், அடியில பாறை எங்க முடியுதுன்னு தெரியாது. நீச்சல் தெரியாத பசங்க நம்மள்ல நிறைய பேர் இருக்காங்க.

போறது எப்படின்னா ரயில் கிடையாது, பஸ்தான். சென்ட்ரல் மார்க்கெட் பக்கத்துல இருக்கிற ரீகா பஸ் ஸ்டேஷன்ல ஏறணும், ஏறக்குறைய 150 கிலோமீட்டர், மூணு மணி நேரம் வச்சுக்கோங்க. ஸ்டூடன்ட் கார்டு கையில இருக்கட்டும். தங்குறதுக்கு சின்னச் சின்ன விருந்தினர் வீடுங்க உண்டு, மே விடுமுறையில சீக்கிரம் நிறையும், நாலு பேரா சேந்து முன்னாடியே எடுத்துட்டா வேன் வாடகையை விட ரொம்ப ஒண்ணும் கூட ஆகாது. வேன்தான் எடுப்போம்னா லியபாயாவை அடுத்த வாரத்துக்குத் தள்ளிடுங்க, கடல் அங்கயேதான் இருக்கும்.

குரூப்ல பிளான் போடுறவங்களுக்கு கடைசியா என் கோரிக்கை. அடுத்த தடவை குரூப்ல ஓட்டெடுப்பு வைக்கும்போது "குல்டீகா + லியபாயா, ஒரு நாள்"னு போடாம "குல்டீகா, சனி ஞாயிறு"ன்னு தனியா ஒரு ஆப்ஷன் வச்சுப் பாருங்க. பத்து பேர் ஓட்டு போட்டாலும் போதும். தெரு வரைபடம், எந்தெந்தக் கட்டடம் எங்க இருக்குன்னு தமிழ்ல ஒரு பக்கம் எழுதி வச்சிருக்கேன், கேட்டா அனுப்புறேன். கூட வந்து சுத்திக் காட்ட ஆள் வேணும்னாலும் சொல்லுங்க, நான் வர்றேன், வீட்டுக்காரம்மாவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க, பஸ் டிக்கெட்டும் சாப்பாடும் எங்க செலவு நாங்களே பாத்துக்குவோம்.

அன்புடன்,
ரீகாவுல இருந்து உங்க அண்ணன்